ஒளியும் மருந்தே, அளவறிந்து பெறுவோம்

(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெண்புள்ளிக்கும், காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸுக்கும் இன்று புற ஊதா ஒளிச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. இவ்விரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. வெண்புள்ளி தொழுநோயும் அன்று. ஆயினும், ‘வெண்குஷ்டம்’ என்னும் தவறான பெயரால் முறிந்த திருமணப் பேச்சுகள் பல. அந்த ஏச்சுக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல், மறைவாக வீட்டிலேயே செய்துகொள்ளும் வைத்தியமே பெருந்தீங்காக முடிகிறது.

இம்முறையின் வேர் மிகப் பழமையானது. நம் நாட்டில் கார்போகரிசியையும், எகிப்தில் நைல் கரையில் விளையும் ஒரு செடியின் விதையையும் மருந்தாகக் கொடுத்து, நோயாளியை வெயிலில் இருக்கச் செய்தனர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மலாகா நகரத்து மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் அந்த எகிப்திய விதையைப் பற்றித் தம் நூலில் எழுதியுள்ளார். 1940களில் கெய்ரோவின் பேராசிரியர் அப்துல் முன்இம் எல் மொஃப்தி, அவ்விதையின் சத்தாகிய சொராலெனைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்தார். சொராலெனுடன் ஒளியைச் சேர்த்து அளிப்பதே ‘பூவா’ சிகிச்சை. இன்று பெரும்பாலும், மாத்திரை ஏதுமின்றி, 311 நானோமீட்டர் அளவுள்ள குறும்பட்டை ஒளியே பயன்படுகிறது.

சொராலென் தோலை ஒளிக்கு மிகவும் கூசச் செய்வது. ஆகவே கார்போகரிசி எண்ணெயைத் தாமே பூசிக்கொண்டு வெயிலில் நிற்போருக்குக் கொப்புளமும் புண்ணும் உண்டாகலாம். புற ஊதா ஒளியின் வேகத்தை நம் பகுதி உழைப்பாளிகள் அறிவர். எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் காசிமேட்டுப் படகுத்துறையிலும் கவசமின்றி வெல்டிங் ஒளியைப் பார்த்தவர்க்கு, இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துவது அவ்வொளியாலேதான். 2020இல் கொரோனாவின்போது பலர் வாங்கிய கிருமிநாசினி விளக்கும் சிகிச்சைக்குரியதன்று. அது தோலையும் கண்ணையும் சுட்டுவிடும்.

சிகிச்சை பெறுவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, ஒளிப்பெட்டிக்குள் கண்ணாடிக் கவசம் கட்டாயம். ஆண்கள் மறைவிடத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு முறையும் ஒரே அளவிலேயே உடலை மறைக்க வேண்டும். இதுவரை மூடியிருந்த இடத்தைத் திடீரெனத் திறந்தால், கூட்டப்பட்ட ஒளி முழுவதும் புதுத்தோலில் பாய்ந்து சுட்டுவிடும். மூன்றாவது, ஒளியின் அளவு சிறிது சிறிதாகவே கூட்டப்படுகிறது. வேலை முறை மாறிச் சில வாரங்கள் வர இயலாதிருந்தால், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவைக் குறைத்தே மீண்டும் தொடங்குவர். இலேசான சிவப்பு ஓரிரு நாளில் தணியும். வலியோ கொப்புளமோ கண்டால், அடுத்த முறைக்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நான்காவது, டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் தோலின் கூச்சத்தை மிகுவிக்கும். ஆகவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் சொல்லிவிடுவது நன்று. ஐந்தாவது, சிகிச்சை நாளில் துறைமுகத்திலோ கடற்கரையிலோ வெயிலில் வேலை செய்வோர் தோலை மூடிக்கொள்ள வேண்டும். பூவா மாத்திரை உண்டவர் அன்று முழுவதும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு அம்மாத்திரை ஆகாது. நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் முன்னதாகவே பேசிக்கொள்ளலாம்.

வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் பொறுமையாகத் தொடர்ந்தாலே பயன் தெரியும். முகத்தில் நிறம் விரைவாகத் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும் திரும்புவது அரிது. ஒரு மாதத்தில் பலன் காணவில்லை என்று கைவிடுவோர் தம் உழைப்பையே வீணாக்குகின்றனர்.

நம் பகுதியினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவு தொலைவில் இல்லை. அங்கு சென்று ஆலோசனை பெறுவதில் வெட்கத்திற்கு இடமில்லை. நம் வீட்டுக்கு வரும் பெண்ணின் கையில் ஒரு வெண்புள்ளி இருப்பின், அதைக் குறையென எண்ணாதிருப்பதும் அச்சிகிச்சைக்கு நாம் செய்யும் உதவியே.