இரண்டு மாநிலங்கள், ஒரே கேள்வி: நிலம் யாரிடம்?



தரவரிசைப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் தமிழ்நாடு சிறந்ததா, கேரளம் சிறந்ததா என்ற பட்டிமன்றம் நடக்கிறது. எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு கேரளத்தில் 94 விழுக்காடு, தமிழ்நாட்டில் 80. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை கேரளத்தில் 4.4, தமிழ்நாட்டில் 18.6. உயர்கல்வியில் நிலை மாறுகிறது. 2021-22இல் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, கேரளத்தில் 41.3.

இவையெல்லாம் சராசரிகள். ஊரையும் சேரியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துக் கிடைத்தவை. நாம் கேட்க வேண்டியது வேறு: இந்த இரண்டு மாநிலங்களிலும் தலித்துகள் எங்கே நிற்கிறார்கள்?

அதே 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு கேரளத்தில் 88.7 விழுக்காடு, தமிழ்நாட்டில் 73.3. அதாவது கேரளத் தலித்துகளின் எழுத்தறிவு, தமிழ்நாட்டின் எல்லாச் சாதியினருடைய சராசரியையும் விட அதிகம். இது பெரிய சாதனை. ஆனால் இதை எந்த அரசும் தானமாகத் தரவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார். கேரளத்தின் எழுத்தறிவு வரலாற்றில் அந்த வேலைநிறுத்தத்தின் பட்டினிக்கும் பங்குண்டு.

கல்வியில் கிடைத்தது நிலத்தில் கிடைக்கவில்லை. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் குத்தகைதாரரை நில உடைமையாளராக்கியது. குத்தகைதாரர் யார்? பெரும்பாலும் இடைநிலைச் சாதியினரும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும்தான். தலித்துகளுக்குக் குத்தகையே மறுக்கப்பட்டிருந்தது, அவர்கள் கூலிகள். எனவே சட்டம் அவர்களுக்குக் கொடுத்தது குடிசை நின்ற இடத்தை மட்டும்: பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரத்தில் 3. பெருந்தோட்டங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. இன்றும் கேரளக் காலனிகளில், புதைக்க இடமில்லாமல் வீட்டின் ஒரு பகுதியை இடித்து அங்கேயே பிணத்தைப் புதைத்த குடும்பங்கள் உண்டு. 2007இல் செங்கறாவில் ரப்பர் தோட்டத்துக்குள் குடியேறியவர்கள் காலனி வீடு கேட்கவில்லை, விவசாய நிலம் கேட்டார்கள்.

இப்பக்கம் என்ன நடந்தது? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் ஆங்கில அரசு பஞ்சமி நிலங்களை ஒதுக்கியது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவை கைமாறின. அவற்றை மீட்கும் காரணைப் போராட்டத்தில், 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தார்கள். ரேஷன் அரிசி, சத்துணவு, இடஒதுக்கீடு, தொழிற்சாலை வேலை ஆகியவற்றால் தமிழ்நாட்டுத் தலித் இளைஞர் பண்ணையை விட்டு வெளியேற முடிந்தது உண்மை. ஆனால் மாத இறுதியில் அவர் திரும்பிப் போவது அதே சேரிக்குத்தான்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. கணக்கெடுப்புப் படிவத்தில் அந்த ஊருக்கு என்ன எழுதுவார்கள்? ‘குடிநீர் வசதி: உண்டு.’ வாழ்க்கைத் தரத்தை அளக்கும் படிவத்தில் மானத்துக்குக் கட்டம் கிடையாது. கேரளம் இதிலிருந்து தப்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2016இல் உடுமலையில் நடந்த சாதி ஆணவக் கொலை, 2018இல் கோட்டயத்திலும் நடந்தது.

இரண்டு மாநிலக் கணக்கிலும் ஒழுங்காக வராத நம் மக்களும் இருக்கிறார்கள். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தலித்துகள். 2015இல் 232 ரூபாய் நாள்கூலியை எதிர்த்தும் போனஸ் கேட்டும் அந்தப் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. 70 உயிர்கள் போயின. ஆயுள் முழுக்க உழைத்தும் சொந்த மனை இல்லாததால்தான் அவர்கள் அந்தச் சரிவில் உறங்கினார்கள்.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்டு முடிக்கிறேன். அடுத்த முறை ஒரு தரவரிசையைக் கண்டால் சாதிவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துத் தரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் உங்கள் ஊர் ஏ-பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்குங்கள். டி.சி. நிலம் என்று குறித்திருக்கும் புல எண்களை எழுதிக்கொண்டு, அந்த நிலத்தில் இன்று உழுபவர் யார் என்று நேரில் போய்ப் பாருங்கள். அந்தப் பட்டியலோடு அடுத்த ஆண்டு இதே மேடைக்கு வாருங்கள். அப்போது எந்த மாநிலம் முன்னேறியது என்று சேர்ந்து பேசுவோம்.