வியாழனும் அயோவும்



நான் பௌதிகம் கற்பித்துவந்த காலத்தில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஒரு சந்திரன் தன் கிரகத்தின்மேல் ஈர்ப்பைத் தவிர வேறெதனாலும் வினை செய்ய முடியுமா?" என்று கேட்டான். "முடியாது, உட்கார்" என்றேன். அந்த விடை பிழையானது. பிழை என்பதற்கான சான்றோ, நான் அரிச்சுவடி தொடுவதற்கு முன்பே அச்சேறியிருந்தது.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பர்க், பிராங்க்ளின் என்னும் இருவர் வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்ந்தபோது, விட்டுவிட்டு ஓர் இரைச்சல் எழுந்தது. அருகே செல்லும் மோட்டார் வண்டியின் மின்பொறியாக இருக்குமோ என்று முதலில் ஐயுற்றனர். ஆனால் அது வியாழனிலிருந்து வந்தது. 1964இல் ஆஸ்திரேலியரான பிக் என்பவர் அவ்விரைச்சல் எழுந்த நேரங்களைத் தொகுத்துப் பார்த்தார். அயோ என்னும் உபகிரகம், பூமியிலிருந்து பார்க்கையில், தன் பாதையின் குறிப்பிட்ட இரண்டு இடங்களை அடையும்போது இரைச்சல் மிகுவது புலப்பட்டது.

அயோ வியாழனிலிருந்து 4,22,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையில் இருப்பது வெறும் வெளியன்று. அயோவின் எரிமலைகளை 1979இல் வாயேஜர் 1 கண்டது. அவை கக்கும் வாயுவிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ ஒரு டன் பொருள் வெளியேறி, கந்தக, ஆக்ஸிஜன் அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிந்து, வியாழனைச் சுற்றி ஒரு வளையமாய் நிற்கிறது. மின்னூட்டம் பெற்ற இத்துகள்கள் வியாழனின் காந்தப் புலத்தில் கட்டுண்டவை. அப்புலம் கிரகத்தோடு சேர்ந்து 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. அயோவுக்கோ ஒரு சுற்றுக்கு 42½ மணி நேரம் வேண்டும். ஆகவே துகள்கள் வினாடிக்கு 74 கிலோமீட்டர் ஓட, அயோ 17 கிலோமீட்டரே நகர்கிறது. ஆற்றின் நடுவே கிடக்கும் பாறையை வெள்ளம் மோதுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இங்கே பாறையும் வெள்ளம் செல்லும் திசையிலேயே ஓடுகிறது. ஆயினும் வெள்ளம் அதனினும் விரைந்து, வினாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில், அதன் முதுகில் வந்து அறைகிறது.

இனி, டைனமோப் பாடத்தை நினைவுகூருங்கள். காந்தப் புலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கடத்தியில் மின்னழுத்தம் தோன்றும். 3,640 கிலோமீட்டர் விட்டமுள்ள அயோவின் குறுக்கே தோன்றுவது ஏறத்தாழ 4 இலட்சம் வோல்ட்! வீணையின் தந்தியை ஓரிடத்தில் மீட்ட, அதிர்வு தந்தி நெடுக ஓடுவதுபோல, அயோ உண்டாக்கும் கலக்கம் காந்தக் கோடுகளின் வழியே வியாழனை எட்டுகிறது. அவ்வழியே விரையும் எலெக்ட்ரான்களே அந்த வானொலி அலைகளைப் பிறப்பிக்கின்றன. அவற்றுள் பல, துருவப் பகுதிக் காற்றில் மோதி ஒளியும் எழுப்புகின்றன. ஹவாய்த் தீவின் மலையுச்சித் தொலைநோக்கி, அயோவோடு கூடவே நகரும் அவ்வொளிப்புள்ளியை அகச்சிவப்புக் கதிர்களில் படம் பிடித்தது. அச்செய்தி 1993இல் வெளிவந்தது. யுரோப்பா, கானிமீட் ஆகியவற்றுக்கும் இத்தகைய தடங்கள் உண்டு.

இரைச்சல் என்றேனே, வெட்டவெளியில் ஓசை ஏது? வருவது வானொலி அலை. அதை ஓசையாக்குவது நம் பெட்டி. சிற்றலையில் 20 மெகாஹெர்ட்ஸ் அருகே, தக்க ஏரியல் கட்டிக் காத்திருந்தால், கடலலை கரையில் சரிவதுபோல அது கேட்கும்.

அன்று உட்காரச் சொன்ன மாணவர் இன்று வானொலி கேட்பவராயின், அவருக்கு என் விடை: முடியும்.