காசியிற் கண்டதும் காணாததும்

(எமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காசிக்குப் போய் வந்தவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருக்கிறீர்கள். அவர்களெல்லாரிலும் வயதிலும் பக்தியிலும் குறைந்த எம்மைப் பேசும்படி பணித்ததற்குக் காரணம், நாம் போய் வந்து அதிக நாட்களாகவில்லை என்பதாகவே இருத்தல் வேண்டும். கண்டதைச் சொல்லுகிறோம். நாணத்தக்க ஒன்றும் அதில் உண்டு. அதனையும் ஒளிக்காமற் சொல்லுகிறோம்.

நாம் நால்வர், ஒரே சர்வகலாசாலை மாணவர். சென்னையிலிருந்து புகையிரதத்தில் இரண்டு இரவுகள் கழித்துக் காசியில் இறங்கி நிலைய வாயிலுக்கு வந்ததும், ஓட்டோச் சாரதிகள் எம்மைச் சூழ்ந்துகொண்டு, "லங்கா! லங்கா!" என்று கூவினார்கள். எமக்குத் திகைப்பாயிற்று. முகத்தைக் கண்டே ஊரை அறிந்துவிட்டார்களே என்று நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பின்னர் விளங்கிற்று. காசி இந்து சர்வகலாசாலையின் வாயிலை அடுத்த பகுதிக்கே லங்கா என்று பெயர். இராமலீலையில் இலங்கைக் காட்சிகளை அவ்விடத்தில் நடிப்பதால் வந்த பெயராம். "அங்கேதான் இராவணனைக் கொல்லுவது, சாமி" என்று எம் வழிகாட்டி எம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னவற்றுள், நாம் பிற்பாடு விசாரித்து மெய்யென்று அறிந்த சிலவற்றில் இஃது ஒன்று.

வழிகாட்டியைப் பற்றிச் சொல்லுமுன், நாம் ஏன் அங்கே போனோம் என்று சொல்லல் வேண்டும். நாம் நால்வரும் மிஷன் பாடசாலைகளிற் படித்தவர்கள். காசி என்ற பெயரை வீட்டிலே ஆச்சிமார் சொல்லக் கேட்டதுண்டு. ஆனால் அந்நகரைப் பற்றி நாம் முதலில் வாசித்த நூல், பாடசாலை நூலகத்தின் அடித்தட்டிலே கிடந்த ஷெரிங் பாதிரியாரின் நூல். அவர் இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர். காசியிலே ஊழியஞ் செய்தவர். அந்நகரைப் பற்றி 1868 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். எமது சமயத்தைப் பழித்து எழுதியிருப்பார் என்று எண்ணிக்கொண்டு எடுத்தோம். பழிப்பும் உண்டுதான். ஆனால் கோயில் கோயிலாக, கிணறு கிணறாக, சந்து சந்தாக நடந்து, கண்டவரிடமெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார். அப்போது எமக்கு ரோசம் வந்தது. சைவப் பிள்ளைகளாகிய நாம் எமது காசியை ஒரு பாதிரியாரின் கண்ணாலேயா காண்பது? எமது கண்ணாலேயே காண்போம் என்று அன்று தீர்மானித்தோம். அத்தீர்மானம் நிறைவேற ஆறு வருடங்கள் சென்றன.

நிறைவேறியபோது எமக்குக் கிடைத்த அவகாசமோ இரண்டே நாட்கள். ஆகையால் 5,000 இந்திய ரூபாவுக்கு ஒரு வழிகாட்டியை எமக்கென்று தனியாக அமர்த்தினோம். ஏறக்குறைய நாற்பது வயதுடையவர், பட்டதாரி, தமிழ், தெலுங்கு, வங்காளம், ஆங்கிலம் யாவற்றையும் யாத்திரிகரிடமிருந்தே கற்றவர். எம்மை அவர் "சாமி" என்றே அழைத்தார். நடை வேகமானது, பேச்சு அதனிலும் வேகமானது. ஒரே படித்துறையின் வயதைக் காலையில் ஆயிரம் என்பார். மாலையில் ஐயாயிரம் என்பார். கேட்டால், "நம்பிக்கை, சாமி" என்பார்.

முதல் நாள் விடியற்காலையில் அசி கட்டத்தில் வள்ளத்தில் ஏறினோம். கங்கை காசியிலே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. நகரம் முழுவதும் மேற்குக் கரையில். எதிர்க்கரையிற் கட்டடமே இல்லை, வெறும் மணல். ஆதலாற் படிகளிலே நிற்பவர்க்கு உதயசூரியன் நேரே தெரியும். எமக்குத் தெரியவில்லை. தை மாதத்துப் பனிப்புகையிலே சூரியனுமில்லை, எதிர்க்கரையுமில்லை. "இந்த இடத்திலே சூரியன், சாமி" என்று வழிகாட்டி புகையைச் சுட்டிக் காட்டினார். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்த வெண்பறவைகள் மாத்திரம் வள்ளத்தைச் சூழ்ந்து பொரிக்குச் சண்டையிட்டன. 84 படித்துறைகளுள் முக்கியமானவற்றின் பெயர்களை அவர் ஒப்புவித்தார், நாம் தலையசைத்தோம். நீராட வேண்டுமென்று எம்மில் ஒருவர் சொன்னார். "குளிர், சாமி. நாளைக்கு" என்றார். உள்ளபடி எமக்கும் அது ஆறுதலாகவே இருந்தது.

விசுவநாதர் கோயிலில் கைத்தொலைபேசிகளைப் பூட்டி வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். இப்போதுள்ள கோயில் இந்தூர் அரசி அகலியாபாய் 1780 இற் கட்டுவித்தது. விமானத்துப் பொன் பஞ்சாப் மகாராசா இரஞ்சித்சிங் அளித்தது. நெருங்கிய சந்துகளுக்குள் இருந்த கோயிலுக்குக் கங்கைக் கரையிலிருந்து அகன்ற வழியொன்றை 2021 டிசம்பரிலே திறந்தார்கள். வரிசையில் இரண்டு மணிநேரம். சந்நிதியில் இரண்டு விநாடி. தள்ளுண்டு வெளியே வந்தபோது, எதிரே சிலர் பாலும் மலரும் ஏந்திக்கொண்டு, "சம்போ! சம்போ! மகாதேவா!" என்று சொல்லிக்கொண்டு விரைந்து போனார்கள். தமிழ்க்குரல். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863 இல் நிறுவிய சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்கு நாடோறும் செல்லும் பொருட்கள் அவை. அவர்கள் பின்னே போகலாமா என்று கேட்டோம். "அது பட்டியலில் இல்லை, சாமி, நேரம் போய்விடும்" என்றார் வழிகாட்டி. நேரம் போய்விடக் கூடாதே என்று நாமும் இணங்கினோம்.

அன்று பிற்பகல் மணிகர்ணிகைக்குப் போனோம். அங்கே விறகு மலையாகக் குவிந்திருக்கிறது. பெரிய தராசுகளில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். இடுக்கான சந்துகளினூடே மூங்கிற் பாடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நாம் கீழே ஒதுங்கி நின்று பார்த்தோம். வழிகாட்டி யாரோ ஒருவரிடம் கதைத்துவிட்டு வந்து, "இன்னும் 500 ரூபா, சாமி. மேலே போனால் எல்லாம் நன்றாகத் தெரியும்" என்றார். கொடுத்தோம். கரிபிடித்த படிகளில் ஏறி ஒரு மாடத்தை அடைந்தோம். மெய்யாகவே எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஐந்து சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. படம் பிடிக்கக் கூடாது என்று கீழே எழுதியிருந்ததை நாம் வாசித்திருந்தோம். இருந்தும் எம்மில் ஒருவர் கைத்தொலைபேசியை வெளியே எடுத்தார். யார் என்பது வேண்டாம். மற்ற மூவரும் தடுக்கவில்லை.

நேர் கீழே இருந்த சிதையருகில், மழித்த தலையும் வெள்ளை வேட்டியுமாக எம் வயதுடைய ஒரு பிள்ளை நின்றான். எரிந்து முடியும் தறுவாய். கங்கை நீர் நிறைந்த மட்குடத்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமற் போவது அங்கே வழக்கம். குடத்தைத் தோளில் ஏற்றும்போது அவன் தற்செயலாக அண்ணாந்தான். எம்மைக் கண்டான். மாடத்திலே வரிசையாக நாம் நால்வர்; ஒருவர் கையில் கைத்தொலைபேசி. அவன் கோபிக்கவில்லை. சிறிது நேரம் பார்த்தான். பிறகு குடத்தை எறிந்துவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பாராமற் போனான்.

எம்முள் ஒருவர் மூன்று வருடங்களுக்கு முன் கோம்பயன் மணலிலே தம் தந்தையாருக்குக் கொள்ளி வைத்தவர். அவர் ஒன்றும் பேசாமற் படியிறங்கிப் போனார். நாம் பின்னால் ஓடினோம். சந்தின் முனையிலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "அன்றைக்கு மதிலிலே ஏறி யாராவது பார்த்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன்?" என்று மாத்திரம் கேட்டார். மூவருக்கும் பதில் வரவில்லை.

அன்றிரவு வழிகாட்டியுடன் கோபித்தோம். அவர் அமைதியாக இருந்து கேட்டார். "சாமி, வருகிறவர்கள் எல்லாரும் முதலிற் கேட்பது அதைத்தான். நீங்களும் நிலையத்திலே அதைத்தான் கேட்டீர்கள்" என்றார். எண்ணிப் பார்த்தோம், உண்மைதான். "பிணம் எரிக்கும் இடம் எவ்வளவு தூரம்?" என்பதே அவரிடம் நாம் கேட்ட முதற் கேள்வி. அவரை நோவதில் நியாயமில்லை. அவர் கடைக்காரர், கேட்ட சரக்கை எடுத்துக் காட்டினார். எமது கண்ணாலே காண்போம் என்று வீரம் பேசிச் சென்ற நாம், அங்கே எந்தக் கண்ணாற் பார்த்தோம்? ஷெரிங் பாதிரியார் எம் சமயத்தை மாற்ற வந்தவர். ஆனாலும் சந்துகளிலே நின்று, மனிதரிடம் கேட்டு, கேட்டதை எழுதினார். அதைச் செய்யவும் எமக்குப் பொறுமை இருக்கவில்லை. நம்பாதவர் கண்ட அளவும் நம்புகிற நாம் காணவில்லை என்பது அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

இரண்டாம் நாள் சாரநாத்துக்குப் போனோம். நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர். தமேக் தூபியையும் அசோகன் தூணின் உடைந்த அடிப்பகுதியையும் பார்த்தோம். அந்த எழுத்தை 1837 இல் வாசித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப், அதற்கு முன்னர் பத்து வருடம் காசி நாணயசாலையிலே பணியாற்றியவர். கல்வெட்டுகளிற் கண்ட 'பியதசி' அசோகனே என்று அவருக்குத் துணிவு பிறந்ததோ, இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்ணர் எமது தீவின் பாளி நூல்களை ஆராய்ந்து தெரிவித்த செய்தியால். வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. நாம் அவருக்குச் சொன்னோம். அவர் ஒரு சிறு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். அது எமக்குப் பிடித்திருந்தது.

"உங்கள் நாட்டுக் கோயில், சாமி" என்று அநகாரிக தர்மபாலர் எழுப்பிய விகாரைக்கு அழைத்துச் சென்றார். 1931 இல் திறக்கப்பட்டது. தர்மபாலர் சாரநாத்திலேயே 1933 இற் காலமானார். அங்கே அநுராதபுரத்திலிருந்து கொண்டுபோய் நட்ட அரசமரத்தின் கீழ் வெள்ளுடை தரித்த சிங்கள யாத்திரிகர்கள் இருந்தார்கள். ஒரு மூதாட்டி எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றோம். எமது அரைகுறைச் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்து, தம் பையைத் திறந்து கொக்கிஸ் எடுத்து நால்வர் கையிலும் வைத்தார். இரண்டு நாளில் எம்மிடம் பணம் கேளாமல் எமக்கு ஒன்றைக் கொடுத்தவர் அவர்தான். வழிகாட்டிக்கும் ஒன்று கொடுத்தார்.

அன்று மாலை வழிகாட்டிக்குப் பேசிய பணத்தைக் கொடுத்து விடைபெற்றோம். மறுநாட் காலையிலே எமக்கு வண்டி. ஆனால் பனிப்புகையால் வண்டி ஐந்து மணிநேரம் தாமதம் என்று செய்தி வந்தது. எவருடைய பட்டியலிலும் இல்லாத ஐந்து மணிநேரம்!

நாம் கேதார கட்டத்துக்கு நடந்து போனோம். செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறித் தீட்டிய பட்டைகளைத் தூரத்திற் கண்டதுமே எம்மூர்க் கோயில் மதிலின் நினைவு வந்தது. அங்கேதான் குமரகுருபர சுவாமிகள் 17 ஆம் நூற்றாண்டிலே நிறுவிய மடம் இருக்கிறது. பாதுஷாவின் ஆட்களோடு பேசுதற்கு இந்துஸ்தானி வேண்டிக் கலைமகளைப் பாடி, அந்த மொழியை உடனே பெற்றார் என்று அவர் சரித்திரம் கூறும். பதினொரு வருடம் படித்தும் ஆங்கிலம் இன்னும் தடக்குகிற எமக்கு அதிலே சிறிது பொறாமை உண்டு. அவர் பாடிய சகலகலாவல்லி மாலையை எம்மூரிலே நவராத்திரிதோறும் பிள்ளைகள் பாடுகிறார்கள். நாம் படித்த பாடசாலைகளில் வாணிவிழா இல்லை. நாம் அதனை மனனஞ் செய்தது இந்தச் சங்கத்தின் மண்டபத்திலேதான். பிழைவிட்டபோது காது முறுக்கியவர் இன்றும் முன்வரிசையிலே இருக்கிறார். கேதாரேசுவரர் சந்நிதியில் தள்ளுவாரில்லை. அங்கே நின்று பத்துப் பாட்டையும் பாடினோம். ஏழாவது பாட்டிலே இருவருக்கு மறந்துபோயிற்று. மற்ற இருவர் எடுத்துக் கொடுத்தோம்.

பிறகு படியிறங்கி நீராடினோம். அந்தக் குளிரை விபரிக்கத் தமிழிற் சொல் இல்லை. எம் ஊரிலே அதற்குத் தேவை இருந்ததில்லை. தந்தையை இழந்தவர் சிறிது தள்ளி நின்று தனியே மூன்று முறை அள்ளி விட்டார். கைத்தொலைபேசிகள் பையிலேயே கிடந்தன. சென்றவருள் ஒருவருடைய அம்மம்மா கொடுத்துவிட்ட சிறு செம்பை நிரப்பி, மெழுகால் அடைத்துக் கொண்டோம்.

ஊர் வந்ததும் நால்வருமாகச் செம்பைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தோம். கண்ணில் ஒற்றி, சுவாமி அறையில் வைத்துவிட்டு வந்தார். கோயிலைப் பற்றியோ பொன் விமானத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"மோனை, நீங்கள் முழுகினனீங்களோ?" என்றார்.

"ஓம் அம்மம்மா, கடைசி நாள்" என்றோம்.

"ஏன், மற்ற நாளெல்லாம் என்ன செய்தனீங்கள்?" என்றார்.