சரக்கு நம்மிடம் இல்லை, பொறுப்பு நம்முடையது



"டிராப்ஷிப்பிங்" வியாபாரம் பற்றி நம் இளைஞர்களும், ஓய்வு பெற்றவர்களும் ஆவலுடன் விசாரிக்கிறார்கள். கிடங்கு வேண்டாம், சரக்கு வாங்கி வைக்க வேண்டாம். ஆர்டர் வந்ததும் மொத்த வியாபாரிக்குத் தெரிவித்தால் அவரே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். முதலீடு குறைவு என்பது வாஸ்தவம். ஆனால் பில் நம் பெயரில் போகிறது. பொருள் பழுதாக இருந்தால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பவரையே கட்டுப்படுத்துகின்றன.

ஓர் உதாரணக் கணக்கு. 350 ரூபாய்ப் பொருளை 500-க்கு விற்கிறோம். சந்தைத் தளத்தின் கமிஷன் 60, கூரியர் 60 போனால் மிச்சம் 30. ஒன்று திரும்பி வந்தால், போக வர கூரியர் செலவே 120. நான்கு விற்பனையின் லாபம் அதிலேயே கரைந்துவிடும்!

அமேசான், ஃபிளிப்கார்ட், சொந்த இணையக் கடை என்று மூன்றிலும் ஒரே பொருளைப் போட்டால், மொத்த வியாபாரியிடம் மீதமுள்ள ஒன்றே ஒன்று மூன்று பேருக்கு விற்றுப்போகலாம். ஆகவே இருப்புக் கணக்கை மூன்றிலும் உடனுக்குடன் மாற்ற வேண்டும். சொந்தக் கடையில் தளக் கமிஷன் இல்லை. ஆனால் விளம்பரச் செலவு நம்முடையது. வெளிமாநில விற்பனைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு அவசியம்.

முதலில் ஒரு பொருளை நாமே காசு கொடுத்து வரவழைத்து, தரமும் பேக்கிங்கும் பார்ப்போம். இரண்டு மூன்று பொருட்களோடு தொடங்குவோம். ஓய்வூதியப் பணத்தை விளம்பரத்தில் கொட்ட வேண்டாம். நம் பெயரை நம்பித்தான் ஒருவர் பணம் கட்டுகிறார்; அந்த நாணயம்தான் இந்த வியாபாரத்தின் உண்மையான முதலீடு.