நீச்சலும் ஒரு கல்வியே
(சங்கத்தின் வெள்ளி விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நானும் ஒரு கல்வியைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். அது நீச்சற் கல்வி. கடலுக்கு நெடுந்தொலைவில் பாலாற்றுப் பகுதியில் வாழும் நமக்கு நீச்சல் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கடல் இல்லாத ஊரில் நீர் இல்லாமல் இல்லை. ஏரி உண்டு, கிணறு உண்டு, கல்லுடைத்த பள்ளம் உண்டு. கோடை விடுமுறை வந்தால் நீரில் மூழ்கி மாண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தி நாளேட்டில் வராமற் போவதில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை அடிக்க நேர்வதைப் போன்ற துயரம் ஆசிரியனுக்கு வேறில்லை. இத்துயரம் உலகெங்கும் உள்ளது. அதனால்தான் 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

நம் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாததற்கு ஒரு வரலாறு உண்டு. நீச்சல் ஏட்டில் படித்து வருவதன்று. தந்தை மகனின் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்க, அண்ணன் தம்பியின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட, ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குக் கொடுப்பது. அவ்வாறு கொடுப்பதற்கு முதலில் நீர் வேண்டும். மாடு இறங்கிய குளத்தில் நம் முன்னோர் இறங்கக் கூடாது என்றிருந்த காலத்தில், எந்த நீரில் அவர்கள் தம் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக் கொடுத்திருப்பார்கள்?

அந்த நீரை நமக்கு எவரும் தானமாகத் தந்துவிடவில்லை. 1924இல் சென்னைச் சட்டசபையில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச்சு 20 அன்று, மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் இறங்கி நீர் அருந்தினார். அதைத் தொடர்ந்து எழுந்த வழக்கு, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கும் வரை நடந்தது. பின்னர் வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், நீராடும் துறை என்று பெயர் சொல்லியே நம் உரிமையை எழுதி வைத்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், அதைத் தடுப்பவனுக்குத் தண்டனை வகுத்தது. 1976இல் அச்சட்டமே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. ஒன்றை நினைவில் வையுங்கள். இவ்வுரிமை பொதுநீரைப் பற்றியது. ஒருவரின் வயற்கிணற்றில் இறங்குவதானால், அவர் எவராயினும், அவரிடம் கேட்டே இறங்க வேண்டும்.

போராடிப் பெற்ற நீரில் நம் பிள்ளைகள் மூழ்கி மாளலாமா? ஆகவே எந்த நீரில் இறங்கலாம், எதில் கூடாது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, தை, மாசி வரை நீர் நிற்கும். பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி முதல் நம் சிற்றூர் ஏரிவரை அமைப்பு ஒன்றுதான். கரையை ஒட்டி ஆழம் மிகுதி; நீர் வந்து சேரும் பக்கம் ஆழம் குறைவு. பழகுபவர்கள் ஆழம் குறைந்த பக்கமே செல்ல வேண்டும். அங்கும் மண் அள்ளிய பள்ளம் நீருக்கடியில் மறைந்திருக்கும். ஆதலால் கோடையில் ஏரி வற்றும்போதே தரையை நடந்து பார்த்து, பள்ளங்களை அடையாளம் செய்துகொள்ளுங்கள். மதகு திறந்திருக்கையில் அதன் அருகே போகாதீர்கள். நீர் ஆளை உள்ளே இழுக்கும். ஏரி கோடி போகும்போது கலங்கலில் விளையாடாதீர்கள்.

அடுத்தது கிணறு. படி உள்ள கிணறே பழகுவதற்கு ஏற்றது. கயிறு ஒன்றை உறுதியாகக் கட்டித் தொங்கவிட்ட பின்பே இறங்க வேண்டும். நெடுநாள் பயன்படாத கிணற்றில் நச்சுக்காற்று தங்கியிருக்கும். அதில் இறங்கவே கூடாது.

கல்லுடைத்த பள்ளத்தை நான் முற்றிலும் விலக்குகிறேன். அதற்குச் சரிவு கிடையாது. ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடியில் தரை இராது. ஏறிவரப் பிடிப்பும் இராது. ஆற்றில் மணல் அள்ளிய குழியும் அத்தகையதே. தென்பெண்ணையின் சாத்தனூர் அணையில் முதலைகள் உண்டு. அங்கு இறங்குவது அறிவுடைமை ஆகாது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரையும், ஊர் குடிக்கும் நீரையும் விட்டு விலகுங்கள். மாவட்ட விளையாட்டரங்கில் நீச்சல்குளம் இருக்குமானால் அதுவே யாவற்றினும் சிறந்தது. வாயிலில் தயங்கி நிற்காமல், கட்டணத்தைச் செலுத்தி உரிமையுடன் உள்ளே செல்லுங்கள்.

இன்னொரு செய்தி. உப்பு நீரினும் நன்னீர் அடர்த்தி குறைந்தது. எனவே கடலில் மிதப்பதைவிட ஏரியில் மிதப்பது சற்றுக் கடினம். கைகால் வீசுவதற்கு முன் மூச்சை அடக்கவும், மல்லாந்து மிதக்கவும் பழகுங்கள். மிதக்கத் தெரிந்தவன் உதவி வரும்வரை உயிரோடிருப்பான்.

ஒருவர் மூழ்கக் கண்டால் உடனே குதித்துவிடாதீர்கள். மூழ்குபவர் எட்டியவரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். ஒரு சாவு இரண்டாகும். கயிறு, மூங்கில், வேட்டி, புடவை, காற்றடைத்த டியூப் எதுவாயினும் எறிந்து இழுங்கள். கரை சேர்த்தவரைத் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லையெனில் மல்லாத்திப் படுக்க வைத்து, முகவாயை உயர்த்தி, மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மார்பின் நடுவே முப்பது முறை அழுத்தி இருமுறை ஊதுவதென்று விடாமல் செய்யுங்கள். அதற்குள் மற்றொருவர் 108க்குத் தொலைபேசியில் சொல்லட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளை இக்கல்வியிலிருந்து விலக்காதீர்கள். துணி துவைக்கவும் ஆடு மாடு கழுவவும் நீரில் இறங்குபவர்கள் அவர்கள். நம்மை ஒதுக்கியவர்களைக் குறை கூறும் நாம், நம் வீட்டுப் பெண்ணைக் கரையிலேயே நிறுத்துவது எவ்வகையில் நீதி?

சங்கத்தாருக்கும் ஒன்று கூறுவேன். நம் தெருவில் நன்கு நீந்தத் தெரிந்த ஆண்களும் பெண்களும் சிலராவது இருப்பர். அவர்களைத் தேடி அழைத்து, ஏரியில் நீர் நிற்கும் தை, மாசியில் ஞாயிறுதோறும் காலையில் பெரியோர் கண்காணிப்பில் வகுப்பு நடத்துங்கள். கயிறும் டியூபும் வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வையுங்கள். இரவுப் பள்ளியில் எழுத்தறிவித்த சங்கத்திற்கு இது இயலாத காரியமன்று.

இளைஞர்களே! குளத்தில் இறங்கும் உரிமையை நம் முன்னோர் வென்று தந்தனர். இறங்கியவர் கரையேறும் ஆற்றலை நாம் பெற்று, நம் பிள்ளைகளுக்கும் தருவோம்.