மின்சார காருக்குக் கூடுதல் வாரண்டி போடலாமா?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில், இஷா தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

போன மாதம் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "காக்கா, மகன் சவூதியிலிருந்து பணம் அனுப்பிட்டான். கரண்ட் கார் புக் பண்ணியாச்சு. ஷோரூம்ல எக்ஸ்டெண்டட் வாரண்டி போடச் சொல்றாங்க, போடலாமா?" வாசலில் நின்று பதில் சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதால் இன்று பேசுவதாகச் சொன்னேன். நான் மெக்கானிக் இல்லை, முஃப்தியும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நம் பைத்துல்மால் பணமும் ஒருமுறை சிக்கியிருக்கிறது. அதனால்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு. 2023 டிசம்பர் 17, 18இல் நம் மாவட்டம் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 செ.மீ. மழை. அப்படி வெள்ளத்தில் கார் மூழ்கினால் எந்த வாரண்டியும் வராது, எத்தனை ஆண்டுக்கு நீட்டித்திருந்தாலும் வராது. வெள்ளம், விபத்து, திருட்டு எல்லாம் இன்சூரன்ஸ் கணக்கு. தயாரிப்பிலேயே இருந்த குறையால் ஒரு பாகம் கெட்டால் மட்டுமே வாரண்டி. டயர், பிரேக் கட்டை, வைப்பர் போன்று தேய்ந்து போகும் சாமான்களும் அதில் சேராது.

அடுத்து பேட்டரி. மின்சார கார் என்றாலே எல்லோருக்கும் பயம் பேட்டரி மேல்தான். காரின் விலையில் பெரும்பங்கு அதுதான், போனால் லட்சக்கணக்கில் போகும். ஷோரூம் தம்பிமார் அந்தப் பயத்தைத் தொட்டுத்தான் வாரண்டியை விற்கிறார்கள். ஆனால் பேட்டரிக்குக் கம்பெனியே காருடன் நீண்ட வாரண்டி தந்துவிடுகிறது. டாடா டியாகோ மின்சார காரை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; மற்ற பாகங்களுக்கு 3 ஆண்டு அல்லது 1,25,000 கி.மீ. என்றுதான் அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. அப்படியானால் நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வாரண்டி எதற்கு? பெரும்பாலும் அந்த "மற்ற பாகங்களுக்கு" நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் காவல். பேட்டரிக்காக என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர், ஏற்கெனவே கையில் இருக்கும் பொருளுக்கு இரண்டாம் முறை விலை கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் வாங்கியது வேறு பொருள்.

இங்கே "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்டோ கிலோமீட்டரோ, எது முதலில் வருகிறதோ அதோடு வாரண்டி முடிந்தது. ஒரு நாளைக்கு 30 கி.மீ. ஓட்டும் குடும்பம் வருடத்துக்கு 10,950 கி.மீ. ஓட்டும். அவர்களுக்கு 8 ஆண்டும் முழுசாகக் கிடைக்கும். ஒரு நாளைக்கு 200 கி.மீ. வாடகைக்கு ஓட்டுகிறவர் மாதம் 6,000 கி.மீ. ஓட்டுவார். அவருக்கு 1,25,000 கி.மீ. 21 மாதத்தில் முடிந்துவிடும். 8 ஆண்டு என்று அச்சடித்த பேட்டரி வாரண்டி 27 மாதத்தில் முடிந்துவிடும். விளம்பரப் பலகையில் 8 பெரிய எழுத்து, கிலோமீட்டர் சின்ன எழுத்து. அதுவும் வாடகை வண்டிக்கு நிபந்தனை தனியாக இருக்கும், கேட்டுப் பார்க்க வேண்டும்.

பேட்டரியின் சக்தி மெதுவாகக் குறைவது குறையாகக் கணக்கில் வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவோம் என்பது நிபந்தனை. புதிதாக இருந்தபோது 250 கி.மீ. ஓடிய வண்டி இப்போது 190 தான் ஓடுகிறது என்று போய் நின்றால், கம்பெனியின் கணக்கில் அது நல்ல பேட்டரி. நம் ஊர் வெயிலில், தினமும் வேகச் சார்ஜர் போடுகிறவருக்கு இந்தத் தேய்மானம் கொஞ்சம் சீக்கிரமே வரும். இரவில் வீட்டில் மெதுவாகச் சார்ஜ் போடுவது, எந்நேரமும் நூறு சதவீதம் நிரப்பி நிறுத்தி வைக்காமலிருப்பது, இந்த இரண்டும் காசில்லாத வாரண்டி.

சரி, அந்த "மற்ற பாகங்கள்" என்ன? பெட்ரோல் காரில் கூடுதல் வாரண்டி எடுத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் என்று நூற்றுக்கணக்கான ஓடும் பாகங்கள். மின்சார காரில் அவற்றில் பாதிக்கு மேல் கிடையாது. ஆயில் மாற்றும் வேலையே இல்லை. ஆனால் இருக்கிறவை எலெக்ட்ரானிக்ஸ். வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜர், மோட்டாரை ஆட்டுவிக்கும் கண்ட்ரோலர், நடுவில் இருக்கும் பெரிய திரை, பேட்டரியையும் சேர்த்துக் குளிர்விக்கும் ஏ.சி. கம்ப்ரஸர். கெட்டால் பக்கத்துத் தெரு மெக்கானிக் திறந்து சரி செய்ய முடியாது. பெட்டியோடு மாற்று என்பார்கள். ஆக, அடிக்கடி கெடாது. கெட்டால் ஒரே அடியாக அடிக்கும். கூடுதல் வாரண்டியின் கேள்வி முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

இப்போது பைத்துல்மால் கதைக்கு வருகிறேன். நம் ஜமாஅத் வாலிபர் ஒருவர், பெயர் வேண்டாம், பழைய மின்சார கார் ஒன்றை வாங்க வட்டியில்லாக் கடன் கேட்டார். கொடுத்தோம். விற்றவர், கம்பெனியோடு சம்பந்தமில்லாத ஒரு நிறுவனத்தின் வாரண்டியையும் 18,000 ரூபாய்க்கு அவர் தலையில் கட்டினார். பச்சை நம்பர் பலகையில் வெள்ளை எழுத்து, அதாவது சொந்த உபயோக வண்டி. ஆனால் இவர் விமான நிலையம், திருமணம் என்று வாடகைக்குத்தான் ஓட்டினார். வாடகை மின்சார வண்டி என்றால் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஏழாவது மாதம் வீட்டுச் சார்ஜரை மாட்டினால் வண்டி ஏற்கவில்லை. நெடுஞ்சாலையில் உள்ள வேகச் சார்ஜரில் மட்டும் ஏறுகிறது. வேகச் சார்ஜர் நேராகப் பேட்டரிக்கே மின்சாரம் தரும், வீட்டுச் சார்ஜ் வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் வழியாகப் போகும். உள்ளே இருந்தது கெட்டுவிட்டது. வாரண்டிக்காரர்கள் வந்தார்கள், மீட்டரைப் பார்த்தார்கள், ஏழு மாதத்தில் இத்தனை கிலோமீட்டர் குடும்பக் காரா ஓடும் என்று கேட்டார்கள். காகிதத்தின் ஏழாம் பக்கத்தைக் காட்டினார்கள். வாடகைக்கு ஓட்டினால் செல்லாது.

அந்தக் காகிதத்தின் நகல் நம் அலுவலக ஃபைலில் இருந்தது. கடன் கொடுத்த அன்று அதை வாங்கித் துளையிட்டு அடுக்கியது நான்தான். மதரஸாவில் ஏழு வருடம் கிதாபு படித்தவன், கல்லூரியில் வணிகவியல் படித்தவன், பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அன்று படித்திருந்தால் அந்த 18,000 மிச்சம். இரண்டாம் முறையாக 60,000 கடன் கொடுத்தோம், அதுவும் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்த பணத்திலிருந்து. இன்னும் 11 தவணை பாக்கி இருக்கிறது. வாலிபர் ஒழுங்காகக் கட்டி வருகிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வருடம் ஒரு பிள்ளையின் கட்டணத்தைப் பாதிதான் எங்களால் கொடுக்க முடிந்தது.

மார்க்க ரீதியாகவும் கேட்கிறீர்கள். விற்ற பொருளில் மறைந்த குறை இருந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று ஓதியிருக்கிறோம். காருடன் சேர்ந்து வரும் வாரண்டி அந்த உரிமைக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதில் சிக்கலில்லை. தனி விலை கொடுத்து வாங்கும் வாரண்டியில்தான் இன்றைய உலமாக்களிடம் இரண்டு கருத்து. நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்குப் பணம், எனவே நபி (ஸல்) அவர்கள் தடுத்த கரர் இதில் இருக்கிறது, வியாபார இன்சூரன்ஸின் தம்பி இது என்கிறார்கள் ஒரு சாரார். விற்றவரே தன் பொருளைப் பழுது பார்த்துத் தருவதாக ஏற்கும் பொறுப்பு, எனவே கூடும் என்கிறார்கள் மறு சாரார். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஹஜ்ரத் அவர்கள் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். கேட்கும்போது ஒரு விவரத்தைச் சேர்த்துக் கேளுங்கள்: வாரண்டி தருவது கார் கம்பெனியா, வெளி நிறுவனமா, இன்சூரன்ஸ் கம்பெனியா? அதைப் பொறுத்துப் பதில் மாறலாம்.

ஆனால் இரண்டு கருத்துக்காரர்களும் ஒத்துப்போகும் ஒரு இடம் இருக்கிறது. ஷோரூமில் பல நேரம் வாரண்டித் தொகையைக் கார் கடனுக்குள் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். "மாசத்துக்கு ஐநூறு ரூபாய்தான் கூடும்" என்பார்கள். வாரண்டிக்கே வட்டி! கொட்டேஷனை வரி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். வேண்டாத வரியை அடிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பிறகு என்னதான் செய்வது என்றால், என் கருத்து இது. புதிய கார், சொந்த உபயோகம், தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டம் என்றால் டெலிவரி நாளில் கூடுதல் வாரண்டி எடுக்காதீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் முதல் வாரண்டி முடிவதற்குள் பிறகும் வாங்க விடுகின்றன. விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கடைசித் தேதியை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் வண்டியின் குணம் உங்களுக்கே தெரிந்துவிடும். அவர்கள் 30,000 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்களே மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், மூன்று வருட வாரண்டி முடியும் நாளில் 36,000 கையில் இருக்கும். எதுவும் கெடவில்லை என்றால் அது உங்கள் பணம். (ஜகாத் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.) பத்துக் குடும்பம் சேர்ந்து பொது நிதியாக வைக்கலாமே என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல யோசனை. கணக்கு எழுத வேண்டியவன் நான் என்பதால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. உலமாக்களிடம் கலந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வண்டியே பிழைப்பு, ஒரு லட்சம் செலவு வந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவருக்கு நான் வேறு பதில் சொல்வேன். ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்த பின், கம்பெனியே நேரடியாகத் தரும் வாரண்டியை, வாடகை வண்டிக்கு என்று எழுத்தில் இருந்தால் மட்டும் எடுக்கலாம். அப்படி எழுத்தில் இல்லையென்றால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

பழைய மின்சார கார் வாங்குகிறவர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் நிலையைச் சோதித்து எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி இரண்டாம் உரிமையாளருக்கு எப்படி மாறும் என்றும் கேளுங்கள். 2025இல் டாடா சில மாடல்களுக்கு ஆயுட்கால பேட்டரி வாரண்டி அறிவித்தது. ஆயுட்காலம் என்றால் அங்கே 15 ஆண்டு, அதுவும் முதல் உரிமையாளருக்கு. நம் வீடுகளில் மகன் பணம் அனுப்புவான், கார் வாப்பா பெயரில் இருக்கும். வாப்பா மவுத்தாகி ஆர்.சி. மகன் பெயருக்கு மாறினால் மகன் முதல் உரிமையாளரா, இரண்டாமவரா? இதை வாங்கும் நாளிலேயே கேட்டு, பதிலை இமெயிலில் வாங்குங்கள். விற்கும் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்குத் தெரியும். பேட்டரி இறங்கியிருந்தால் சொல்லித்தான் விற்க வேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கலர் லைட்டு, பெரிய ஸ்பீக்கர் என்று வெளிக்கடையில் ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள். அந்த ஒரு ஒட்டு போதும், வாரண்டியை மறுக்க.

நியாயமான வாரண்டியை மறுத்தால் சும்மா இருக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இனி வாகனத்துக்குக் கடன் கேட்டு வருகிறவர்களின் வாரண்டிக் காகிதத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுவது என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். கடன் வாங்காதவர்களும் வரலாம். ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்பேன். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். மூக்குக் கண்ணாடியும் கொண்டு வாருங்கள், எழுத்து மிகச் சின்னதாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.