டி.சி. கொடுத்துவிட்டார்களா?



'பையனுக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள்' என்று சேதி வந்தால், பையன் என்ன செய்தான் என்று முதலில் விசாரியுங்கள்.

ஆசிரியரை அடிப்பது, கத்தியோடு வருவது, போதைப்பொருள் விற்பது, மாணவியிடம் அத்துமீறுவது ஆகியவை கடுமையான குற்றங்கள். ராகிங்கும் அப்படியே. 1997ஆம் ஆண்டின் தமிழகச் சட்டப்படி, ராகிங் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட மாணவர் நீக்கப்படுவார். வேறு கல்வி நிலையத்திலும் சேர முடியாது. இத்தகையவனுக்காக ஜமாஅத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நிற்காதீர்கள்.

குற்றமே இல்லாமல் நீக்கினால்? 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளை நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். மத நம்பிக்கையால் பாடவில்லை. அவ்வளவுதான்! வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் கைவிட்டது. 1986இல் உச்சநீதிமன்றம் மூவரையும் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கூடங்களுக்கு 2014இல் உச்சநீதிமன்றம் இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. பள்ளிக்கூடம் நடத்தும் நம் பெரியவர்களே, அந்த விலக்கை ஏழைப் பிள்ளையை வெளியே தள்ளும் வசதியாக்கி விடாதீர்கள்!

பெற்றோரே! நீக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பையனின் விளக்கத்தையும் எழுத்தில் கொடுங்கள். ஒரு மணி நேரம் கடையை அடைத்தாலும் பரவாயில்லை, தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்து, பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிடாதீர்கள்!